கூலன்ட் போன வழி

பங்காருபேட்டைக்குள் நுழையக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டேன். காலை எட்டு மணி இருக்கும். பனி விலகவில்லை. முன்னால் பார்த்தால் எல்லாம் வெள்ளை. டேஷ்போர்டில் மட்டும் உஷ்ண முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் டப்பா காலி. முந்தின நாள் மாலைதான் மேல்கோடு வரை ஊற்றி வைத்திருந்தேன்.

இடப்பக்க இருக்கையில் என் கணவர் தனராஜ். மடியில் மருத்துவமனைப் பை. வலது பாதத்தில் தடிமனான கட்டு, பனிக்காக அதன்மேல் என் பழைய கம்பளிச் சாக்ஸ், அதற்கும் மேல் மருத்துவமனையில் கொடுத்த பெரிய பட்டைச் செருப்பு.

“மறுபடியுமா கிரேசு?”

“மறுபடியும்தான்.”

“நா வேணும்னா பஸ்ல போயிடறேன். நீ வண்டிய மெக்கானிக் கைல வுட்டுட்டு வா.”

“அந்தக் கால வெச்சிகினு பஸ்ல ஏறப் போறீங்களா? சும்மா உக்காருங்க.”

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். பின்சீட்டில் எப்போதும் நான்கு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பேன். இரண்டைக் கார் குடித்தது. குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். எதுவும் சொட்டவில்லை. தார்ச்சாலை காய்ந்து கிடந்தது.

கோலார் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை தாண்டிவிட்டது. கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். நர்ஸ் கட்டைப் பிரித்தார். நான்கு சுற்று வந்ததும் கையை நிறுத்தினார்.

“மறுபடியும் ஈரம்” என்றார்.

ஒரே காலை நேரத்தில் இரண்டு ‘மறுபடியும்’. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பதினைந்து நாள்

இந்தத் தொடரில் என் கணவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று வாசகர்கள் சிலர் குறைப்பட்டிருந்தீர்கள். இந்த வாரம் அவருடையது.

பெங்களூரில் ஒரு அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். தினமும் எங்கள் ஊர்ப்பக்கம் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, அதே ரயிலில் திரும்பி வருவார். பணிக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. அதிர்ந்து பேசமாட்டார். பொய் சொல்லத் தெரியாது. சீட்டாட்டத்தில்கூட கையில் நல்ல சீட்டு வந்தால் முகம் சொல்லிவிடும்.

சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டுவிட்டது. ஓய்வு பெற்ற மறு வருடம், ஷூவுக்குள் ஒரு கல் கிடப்பது தெரியாமல் நாள் முழுக்க நடந்திருக்கிறார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்து அலறியது நான்தான். அவர், “வலிக்கலியே” என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கட்டைவிரலுக்கு அடியில் புண். அதற்காகத்தான் கோலார் மருத்துவமனை. மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். இடையில் வீட்டில் பிரிக்கவே கூடாது. ஒரு சொட்டு ஈரமும் படக்கூடாது. இதுதான் விதி.

டாக்டர் சவிதா தார்வாட் பக்கத்துப் பெண். கன்னடத்தோடு எங்களுக்காகக் கற்றுக்கொண்ட தமிழைக் கலந்து பேசுவார். அன்று புண்ணைப் பார்த்ததும் முகம் இறுகியது. சுற்றியிருந்த தோல், நீண்ட நேரம் துணி துவைத்த கையைப்போல வெளுத்து ஊறியிருந்தது.

“அங்கிள், நிஜா ஹேளி. உண்மையச் சொல்லுங்க. குளிக்கும்போது காலை நனைக்கிறீங்கதானே?”

“இல்லம்மா.”

“பின்னே இது எப்படி? ஒவ்வொரு தடவையும் ஈரம். சதை வளரவே மாட்டேங்குது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் என்னைத் தனியாக வெளியே அழைத்துச் சொன்னார். இன்னும் பதினைந்து நாள் பார்ப்போம். மாற்றம் இல்லையென்றால் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். தள்ளிப் போட்டால் பாதம்வரை போகும்.

திரும்பும் வழியில் முள் நடுவிலிருந்து மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வெல்லப்பாகு

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி, மகனிடம் துபாய்க்குப் போகும்போது என்னிடம் விட்டுச் சென்றது. அப்போதே அதற்குப் பத்து வயது. கார் ஓட்ட நான் கற்றுக்கொண்டது ஐம்பதுக்கு மேல்தான். மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கத்தின் பக்கம் இருந்த காலி மைதானத்தில் வளைந்து வளைந்து ஓட்டி, ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. தனராஜுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே வராது. ஆகவே எங்கள் வீட்டில் நான் டிரைவர். அவர் வழி சொல்பவர்.

கூலன்ட் குறைய ஆரம்பித்தது மழைக்காலத்தின் கடைசியில். அதே சமயத்தில் அவர் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தார்.

“கிரேசு, வண்டிக்குள்ள வெல்லப்பாகு காய்ச்சுற வாசனை வருது.”

நான் நம்பவில்லை. காரணம் உண்டு. வீட்டில் இனிப்பை நிறுத்தி வருடக் கணக்காகிறது. கிறிஸ்துமஸ் கேக்கில்கூட சுண்டுவிரல் அளவுதான் தருவேன். மனிதர் ஏக்கத்தில் வாசனை பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு எங்கதான் வெல்லம் வாசன வரல? போன வாரம் சர்ச்சுல வருதுன்னீங்க.”

“அது பக்கத்து வீட்டுல அதிரசம் சுட்டாங்கோ. இது வேற.”

நானே மோந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பெருந்தொற்று வருடத்தில் காய்ச்சல் வந்து போனபோது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. இன்றுவரை காபியும் கழுநீரும் எனக்கு ஒன்றுதான். பால் பொங்கிக் கரிந்தாலும் புகையைக் கண்ணால் பார்த்தால்தான் ஓடுவேன்.

இன்னொன்றும் இருந்தது. காலை வேளையில் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு மங்கல் படியும். துடைத்தால் துணியில் பிசுபிசுப்பு. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் புழுதியும் பனியும் சேர்ந்தது என்று நினைத்து, தினமும் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வரும் புழுதி கண்ணாடியின் உள்பக்கம் எப்படிப் படியும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

பாஷாவின் கணக்கு

ஆண்டர்சன்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாஷா கைசுத்தமான மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். என்னை அக்கா என்பான். முதல் தடவை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். இரண்டாம் தடவை ரப்பர் ஹோஸ்களை மாற்றினான். மூன்றாம் தடவை தண்ணீர் பம்பையே புதிதாகப் போட்டான்.

கூலன்ட் போய்க்கொண்டேதான் இருந்தது. அடுத்தடுத்து ஊற்றி மாளாமல் நான் வெறும் தண்ணீருக்கு மாறினேன். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை நிறம் வெளுத்து, உள்ளே ஓடுவது கிட்டத்தட்டக் குழாய்த் தண்ணீராகவே ஆகிவிட்டது. அந்த வாசனைப் பேச்சும் அதோடு நின்றுபோனது. பார்த்தீர்களா, ஏக்கம் தணிந்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கெடு விழுந்த அன்று மாலை நேராகப் பாஷாவிடம் போனேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினான்.

“அக்கா, ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். வெளிய எங்கியும் ஒழுகல. அப்போ உள்ளதான் குடிக்குது. எஞ்சின எறக்கிப் பிரிச்சிதான் பாக்கணும்.”

“எத்தன நாள் ஆவும்?”

“சாமான் வரணும். ஒரு மாசம்னு வெச்சிக்கோங்கோ.”

ஒரு மாதம். எனக்கு இருந்ததோ பதினைந்து நாள். மூன்று நாளுக்கொருமுறை அவரைக் கோலாருக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் நெரிசலில் யாராவது அந்தக் காலை மிதித்தால்? மிதித்தாலும் அவருக்குத் தெரியாதே.

“பிரிக்க வேணாம் பாஷா” என்றேன். “நா பாக்கறேன்.”

“நீங்களா?”

“நாந்தான்.”

ஊசிக் காற்று

அவன் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. நான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் என்று அவனுக்குத் தெரியும். என்ன வேலை என்று தெரியாது. இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் ஓய்ந்துவந்த காலத்தில் மண் வாரும் ராட்சத இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைதான் பல வீடுகளுக்குச் சோறு போட்டது. அதில் நான் பரிசோதனைப் பிரிவு. என் வேலை ஒழுக்கு கண்டுபிடிப்பது. குழாய்கள், வால்வுகள், இணைப்புகள். எல்லாவற்றிலும் காற்றையோ எண்ணெயையோ அழுத்தி ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும்.

முதலில் பெண்களை அந்தப் பிரிவில் சேர்க்க யோசித்தார்கள். ஒரு நாள், மூன்று ஆண்கள் பார்த்து முத்திரை குத்திய குழாய் ஒன்று, பயிற்சிக்கு வந்திருந்த என் மேஜைக்குத் தவறி வந்தது. அழுத்தமானியில் முள் மயிரிழை இறங்கியது. சோப்பு நீரில் குமிழ் இல்லை. நான் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு, குழாய் நெடுக மெதுவாக நகர்த்தினேன். ஓரிடத்தில் ஊசி குத்தியதைப்போல ஒரு சில்லிப்பு. அங்கேதான் இருந்தது ஓட்டை. அதற்கப்புறம் யாரும் யோசிக்கவில்லை.

என் அப்பாவும் நந்திதுர்க் சுரங்கத்தின் அடியில் பம்ப் ஓட்டியவர். சுரங்கத்தின் எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்து அடுக்கில், எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்பதுதான் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுப் பேச்சு. எங்கேயிருந்தோ வரும் தண்ணீரை அவர் தேடினார். எங்கேயோ போகும் தண்ணீரை நான் தேடினேன்.

இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் இயந்திரங்களில் ஒழுக்குப் பிடித்தவள், சொந்தக் காரில் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று ராபர்ட்சன்பேட்டை வழியாக வீடு திரும்பும்போது எனக்கு வந்தது கவலை இல்லை. வெட்கம்.

குளியலறைக் கதவு

அந்த வெட்கத்தோடு நான் செய்த இன்னொரு காரியத்தையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனார். வழக்கப்படி காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் போட்டுக் கட்டிவிட்டேன். கதவைச் சாத்தப் போனவரிடம், “தொறந்தே இருக்கட்டும்” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் சோப்புப் போடுவதை, தண்ணீர் மொள்ளுவதை, வலது காலைத் தள்ளி நீட்டி வைத்துக்கொள்வதை எல்லாம் ஒரு காவலாளியைப்போலப் பார்த்தேன். பாதியில் சொம்பைக் கீழே வைத்தார்.

“நா பொய் சொல்றேன்னு நீயும் நெனைக்கிறியா கிரேசு?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். பின்னாலேயே போய்ப் பையைப் பிரித்துப் பார்த்தேன். கட்டின்மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. திருமணமான நாளிலிருந்து அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை

பாஷாவைக் கூப்பிட்டு எனக்கு என்ன வேண்டும் என்று வரைந்து காட்டினேன். பழைய கூலன்ட் டப்பா மூடி ஒன்றில் துளை போட்டு, டியூப் இல்லாத டயருக்குப் போடும் வால்வைப் பொருத்தித் தர வேண்டும். மூடியை டப்பாவில் திருகி, காலால் மிதிக்கும் காற்றுப் பம்பை வால்வில் மாட்டினால், எஞ்சினை ஓட்டாமலே உள்ளே அழுத்தம் ஏற்றலாம். பம்பில் டயல் இருக்கிறது. முள் இறங்கினால் ஒழுக்கு உண்டு. சூடு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. நிதானமாகத் தேடலாம்.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நல்லாதான் கீது” என்றான். சனிக்கிழமை அவனே மூடியோடு வந்தான். ஓட்டை தெரிய வேண்டுமானால் நிறம் வேண்டும் என்று நான் சொன்னதால், பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சைக் கூலன்ட் ஊற்றினான். ஹோஸ்கள்மேல் நான் முகப் பவுடரைத் தூவினேன். நனைந்தால் கோடு தெரியும்.

காற்றில் புழுதி இருந்தது. ஆகவே தனராஜ் வெளியே நிற்கவில்லை. அவருடைய வழக்கமான இடத்தில், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாள் விரித்திருந்தார். என்மேல் கோபம்தான். ஆனாலும் வேடிக்கையை விட மனமில்லை.

மிதித்தேன். முள் ஏறியது. பதினைந்தில் நிறுத்தினேன். மூடியைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினேன். குமிழ் இல்லை. இணைப்பு சுத்தம்.

முள் இறங்கியது. பதினான்கு. பதின்மூன்று.

“பாத்தியா, கீது” என்றேன்.

“கீது. ஆனா எங்க?” என்றான் பாஷா. டார்ச் அடித்து ஹோஸ் ஹோஸாகப் பார்த்தான். பவுடர் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. காரின் அடியில் நான் விரித்த காகிதங்களும் காய்ந்து கிடந்தன. எண்ணெய்க் குச்சியை உருவினான். கூலன்ட் எஞ்சினுக்குள் போயிருந்தால் எண்ணெய் பால் கலந்ததுபோல ஆகியிருக்கும். எண்ணெய் தெளிவாக இருந்தது.

நான் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். எங்கும் சில்லிப்பு இல்லை.

மறுபடியும் பதினைந்துக்கு மிதித்தேன். மறுபடியும் இறங்கியது. பாஷா தலையைச் சொறிந்தான். என் முழங்கால் வலித்தது. எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமோ என்று முதன்முதலாகத் தோன்றியது. பம்பை வேகமாக மிதித்தேன். கோபத்தில் மிதித்தேன்.

“கிரேசு!” காருக்குள்ளிருந்து குரல். “மிதிக்கிறத நிறுத்து.”

“இன்னாங்க?”

“சத்தம் போடாத. கேளு.”

நிறுத்தினேன். பாஷா டார்ச்சை அணைத்தான், ஏதோ அதுவும் சத்தம் போடுவதைப்போல. தூரத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

டப்.

கொஞ்சம் இடைவெளி.

டப்.

தனராஜின் மடியிலிருந்து நழுவிய செய்தித்தாளின் ஒரு பக்கம் அவர் காலடியில் விழுந்திருந்தது. அதன்மேல்தான் சத்தம்.

நான் ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவருகே மண்டியிட்டேன். காகிதத்தில் பச்சையாக ஒரு வட்டம். டேஷ்போர்டின் அடியில், நடுப்பக்கமாகக் கையை விட்டேன். விரல் நனைந்தது. எடுத்துப் பார்த்தேன். பச்சை.

அந்த விரலை அப்படியே அவர் மூக்கருகே நீட்டினேன். ஒருமுறைதான் மூச்சை இழுத்தார்.

“வெல்லப்பாகு” என்றார். “நா சொல்லல?”

பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டான். “ஹீட்டர்! யா அல்லா, ஹீட்டர்!”

குளிர்காலத்தில் காருக்குள் வெப்பம் தர, டேஷ்போர்டின் பின்னால் குட்டியாக ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. சூடான கூலன்ட் அதற்குள்ளும் சுற்றி வரும். “நம்ம பக்கம் ஹீட்டர யாருக்கா போடுறாங்கோ? அது ஒண்ணு கீதுன்றதே மறந்துபூட்டேன்” என்றான். அது துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. வண்டி ஓடி, சூடேறி, அழுத்தம் கூடினால்தான் சொட்டும். நின்று ஆறினால் நின்றுவிடும். வெளியே தேடிய யார் கண்ணுக்கும் அது படவே இல்லை. கண்ணாடியில் நான் துடைத்துக்கொண்டிருந்த பிசுபிசுப்பும் இதே கூலன்ட்டின் ஆவிதான்.

ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அதன் அடியில் இருந்த கம்பளம் பிழியப் பிழிய ஊறியிருந்தது.

அப்போதுதான் என் கை நின்றது.

அவர் எப்போதும் உட்காரும் இருக்கை. அவர் எப்போதும் நீட்டி வைக்கும் வலது கால். அதற்கு நேர் மேலே அந்த ஒழுக்கு. கோலாருக்குப் போகும்போது சொட்டுகிறது. புதுக் கட்டோடு திரும்பும்போதும் சொட்டுகிறது. கட்டின் மேற்புறம் வீட்டுக்கு வருவதற்குள் உலர்ந்துவிடுகிறது. உள்ளே மூன்று நாள் ஊறிக் கிடக்கிறது. நாங்களோ கட்டைப் பிரிக்கக் கூடாது. அவருக்கோ ஈரம் தெரியாது, சூடு தெரியாது.

செருப்பைக் கழற்றினேன். கம்பளிச் சாக்ஸை மெல்ல உருவினேன். வெள்ளைக் கட்டின்மேல், சரியாகக் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், நாலணா அளவுக்குப் பச்சையாக ஒரு பொட்டு.

மூவரும் அதைப் பார்த்தோம்.

“நீங்க நனைக்கல” என்றேன். மண்டியிட்டிருந்தவள் அப்படியே அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பாஷா நாகரிகமானவன். பானெட் பக்கம் போய்விட்டான்.

“வுடு கிரேசு” என்றார் அவர். என் தலையில் கை வைத்தார். “புடிச்சிட்ட இல்ல? நீதான் புடிச்ச.”

“நீங்கதான் கேட்டீங்க.”

“சரி, ரெண்டு பேரும்.”

பத்து நிமிடம்

ஒரு மாதம் ஆகும் என்ற வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கழற்றி, எஞ்சின் பக்கத்திலேயே ஒரு வளைந்த குழாயால் இரண்டையும் இணைத்துவிட்டான் பாஷா. கூலன்ட் இனி காருக்குள் வரவே வராது. நனைந்த கம்பளத்தை வெட்டி வெளியே போட்டோம்.

மறுபடியும் பம்பை மாட்டினேன். பதினைந்து. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முள் ஆணி அடித்ததைப்போல நின்றது. டீ போட்டுக் கொண்டுவந்து மூவரும் குடித்து முடித்தோம். பதினைந்திலேயே நின்றது.

பாஷா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, அந்த மூடிய எனக்கே குடுத்துடுங்கோ” என்றான். “இனிமே எந்த வண்டி வந்தாலும் மொதல்ல இதத்தான் மாட்டுவேன்.”

அன்றே கோலாருக்குக் கிளம்பினோம். நனைந்த கட்டோடு ஒரு மணி நேரமும் அவரை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. பங்காருபேட்டை தாண்டியது. முள் நடுவில். ஏற்றம் வந்தது. முள் நடுவில். லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தோம். முள் நடுவில். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார் அவர்.

சனிக்கிழமை என்பதால் டாக்டர் இல்லை. நர்ஸ் மட்டும் இருந்தார். அந்தப் பச்சைப் பொட்டைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பச் சொன்னேன். கட்டை மாற்றினார்கள். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

டாக்டர் இறங்கி வந்தார்

அந்த மூன்று நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒழுக்கைப் பிடித்தது சரி. விரலைப் பிடித்துவிட்டோமா? நாள் கடந்துவிட்டதா? தொழிற்சாலையில் முத்திரை குத்தியதும் என் வேலை முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை.

நர்ஸ் கட்டைப் பிரித்தார். ஒரு சுற்று, இரண்டு, நான்கு, ஆறு. கடைசிச் சுற்றுவரை அவர் கை நிற்கவில்லை.

“ஒணகி இருக்கு” என்றார். காய்ந்திருக்கிறது.

அதற்கடுத்த முறை தோலின் வெளுப்பு போயிருந்தது. அதற்கும் அடுத்த முறை, புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. புதுச் சதை என்றார்கள். கெடு முடியும் நாள் வந்தபோது டாக்டர் சவிதா விளக்கை இழுத்து வைத்து, நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, அறுவைக்கு என்று எழுதி வைத்திருந்த வரியின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

“விரல் இருக்கும்” என்றார்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, அந்தக் காரை நான் பாக்கணும்” என்றார் அடுத்து. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வெள்ளைக் கோட்டோடு படியிறங்கி, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார். இடப்பக்கக் கதவைத் திறந்து, தனராஜின் இருக்கையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை நீட்டினார். குனிந்து, டேஷ்போர்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கை தொட்ட இடம் சரியாக அவருடைய கால்விரல் நுனிக்கு மேலே இருந்தது.

பிறகு இறங்கி வந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவரின் முன்னால் நின்றார்.

“அங்கிள், ஒவ்வொரு தடவையும் உங்களத் திட்டினேன். நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. தப்பு என்மேலதான்.”

தனராஜ் காதுவரை சிவந்துபோனார். “பரவால்லம்மா” என்றார். “உனக்கு எப்பிடி தெரியும்? கார் செஞ்ச வேல அது.”

“இனிமே யாராவது கட்டு நனையலன்னு சொன்னா, முதல்ல அவங்க எதுல வந்தாங்கன்னு கேப்பேன்” என்றார் டாக்டர்.

புண் முழுக்க மூட இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. கட்டே வேண்டாம் என்று சொன்ன நாளில், டாக்டர் எழுதிக் கொடுத்த அகலமான புது ஷூக்களைத் தனராஜ் காரிலேயே மாட்டிக்கொண்டார். மாட்டுமுன் இரண்டையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்தார். திரும்பும் வழியில் ஓர் ஏரிக்கரை வந்தது.

“நிறுத்து” என்றார்.

நிறுத்தினேன். கதவைத் திறந்தார். நான் சுற்றி வந்து கை கொடுப்பதற்குள் இறங்கிவிட்டார். கரைமேல் நடக்க ஆரம்பித்தார். முதலில் தரையைப் பார்த்துப் பார்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்துகொண்டார். ஏரியில் வெயில் தகதகத்தது. நான் காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். அவர் வேகம் கூடிக்கொண்டே போனது. ரயிலைப் பிடிக்க ஓடிய காலத்து நடை.

“மெதுவா போங்க!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

“நீ ஜல்தி வா!”